மேப் மாற்றியபின் டர்போ கார் தகராறு செய்கிறதா? அறிகுறியைப் பார்த்து மேப்பைத் தேர்வு செய்வது

டர்போ காருக்குப் புது மேப், அதாவது இன்ஜின் கணினியில் (இசியு) பெட்ரோல் அளவையும் தீப்பொறி நேரத்தையும் பூஸ்ட்டையும் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) நிர்ணயிக்கும் அட்டவணைகள், ஏற்றுவது இப்போதெல்லாம் சீக்கிரமாக முடிந்துவிடுகிற வேலை. ஏற்றிய மேப் அந்த வண்டிக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதில்தான் நேரம் போகும், பலரும் தட்டிக்கழிப்பதும் அதைத்தான். எத்தனை குதிரைத்திறன் கூடியது என்ற எண்ணைக் காட்டித்தான் மேப் விற்கிறார்கள். ஆனால் அதை எழுதிய டியூனர் ஒரு குறிப்பிட்ட பெட்ரோல், ஒரு குறிப்பிட்ட இன்டர்கூலர் (டர்போவில் சூடான காற்றைக் குளிர்விக்கும் பாகம்), நல்ல நிலையில் உள்ள பிளக், ஓட்டையில்லாத ஓஸ் என்று ஒரு வண்டியை மனதில் வைத்து எழுதியிருப்பார். உங்கள் வண்டி அந்த வண்டியாக இல்லாவிட்டால் ஏதோ ஓர் அறிகுறி காட்டத் தொடங்கும். அதை வைத்து மேப்பைக் குறைப்பதா, பாகத்தை மாற்றுவதா என்று முடிவெடுப்பது எப்படி என்பதே இங்கே சொல்லப்போவது. எல்லாம் பெட்ரோல் டர்போவுக்கானவை.

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை

ஸ்டாக் மேப்புக்கு, அதாவது வண்டியோடு வந்த தொழிற்சாலை மேப்புக்குத் திரும்புங்கள். அதிலும் கோளாறு தொடர்ந்தால் குறை வண்டியில் இருக்கிறது. அதைச் சரிசெய்யும் வரை எந்த மேப்பும் ஏற்றக் கூடாது, ‘மென்மையான ஸ்டேஜ் 1’ உட்பட. ஸ்டாக்கில் மறைந்து, புது மேப்பில் மட்டும் திரும்பி வந்தால் மேப் பொருந்தவில்லை, அல்லது ஏதோ ஒரு பாகம் ஸ்டாக் அழுத்தத்துக்கு மட்டும் தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டையும் பிரித்துச் சொல்வது லாக்தான், அதாவது வண்டி ஓடும்போது இசியுவிலிருந்து பதிவு செய்யும் எண்கள்.

லாக் எடுக்கும் முறை எளிது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, போக்குவரத்து இல்லாத பாதுகாப்பான இடத்தில், முடிந்தால் டைனோவில் (வண்டியை நிறுத்தி வைத்தே ஓட்டிச் சக்தியை அளக்கும் மேடை), மூன்றாவது கியரில் 2,000 ஆர்.பி.எம். சுற்றில் தொடங்கி ரெட்லைனுக்குச் சற்று முன்வரை முழு ஆக்சிலரேட்டரில் ஓர் இழுப்பு. பதிவு செய்ய வேண்டியவை: பூஸ்ட் இலக்கும் நிஜமும், லாம்டா (காற்று-பெட்ரோல் விகிதம்; 1-க்குக் கீழே என்றால் பெட்ரோல் கூடுதல்) இலக்கும் நிஜமும், இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்), ஒவ்வொரு சிலிண்டரிலும் ‘நாக்’ (கலவை தானாக வெடிப்பது) காரணமாக டைமிங் பின்வாங்கிய டிகிரி, உள்ளே வரும் காற்றின் வெப்பம், ரெயில் அழுத்தம் (இன்ஜெக்டருக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தம்), வேஸ்ட்கேட் டூட்டி (டர்போவைச் சுற்றிப் புகைவாயுவை வெளியே விடும் வால்வுக்கு இசியு தரும் கட்டளை, சதவீதத்தில்), த்ராட்டில் கோணம். இதற்கு மேல் சேர்த்தால் சில கருவிகளில் பதிவு வேகம் குறைந்து, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே முக்கியமான விஷயம் நழுவிவிடும். ஐடிலில் நிற்கும்போது ஃப்யூயல் ட்ரிம் (இசியு பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும் சதவீதம்) எவ்வளவு என்பதையும் தனியாகக் குறித்து வையுங்கள்.

ஓர் இழுப்பு போதாது. இரண்டாவது, மூன்றாவது இழுப்பில்தான் இன்டர்கூலரின் உண்மை முகம் தெரியும்.

அறிகுறி: அழுத்தும்போது கடகடவென்று சத்தம், அல்லது லாக்கில் நாக்

இதுதான் இன்ஜினையே காவு வாங்கக்கூடிய அறிகுறி. தீப்பொறி பற்றவைத்த தீ பரவி முடிப்பதற்குள், மூலையில் எஞ்சியிருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடுவதுதான் நாக். பிஸ்டனின் ரிங் லேண்ட் உடைவது, ஹெட் கேஸ்கெட் போவது இரண்டுக்கும் இதுவே பெரும்பாலும் காரணம். நவீன காரில் காதுக்குக் கேட்கும் முன்பே நாக் சென்சார் அதைப் பிடித்து டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துவிடும். ஆகவே சத்தம் இல்லை என்பதால் நாக் இல்லை என்று அர்த்தமில்லை.

லாக்கில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 3,400 சுற்றில் நான்கு சிலிண்டருக்கும் முறையே 0, 0, 2.3, 0 டிகிரி. 3,900-இல் எல்லாமே 0. இது பெரிய விஷயமில்லை. ஒரு சிலிண்டரில் இரண்டு மூன்று டிகிரி தலைகாட்டி மறைவதைப் பல இன்ஜின்கள் சாதாரணமாகவே செய்யும். அதுவே 3,400-இல் 3, 4.5, 5.3, 3.8 என்று தொடங்கி ரெட்லைன் வரை இறங்காமல் நின்றால், அந்த மேப் உங்கள் வண்டிக்கு அதிகம். சில மென்பொருள் இந்த எண்ணை மைனஸில் காட்டும், சில பிளஸ்ஸில் காட்டும். எது எந்தப் பக்கம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சுபாருவில் இதோடு ‘டைனமிக் அட்வான்ஸ் மல்டிப்ளையர்’ என்று ஓர் எண்ணும் இருக்கும். அது 1-இல் நிற்கும்படி எழுதப்பட்ட மேப்பில் கீழே இறங்கினால் இன்ஜின் நாக்கைக் கேட்டிருக்கிறது என்று பொருள்.

எல்லாச் சிலிண்டரிலும் சேர்ந்து நாக் வந்தால் முதல் சந்தேகம் பெட்ரோல் மேல். இங்கேதான் ஆக்டேன் எண் (பெட்ரோல் எவ்வளவு நாக்கைத் தாங்கும் என்பதன் அளவு) ஒரு பொறி வைக்கிறது. ஐரோப்பாவிலும் ஆசியாவின் பெரும்பகுதியிலும் பம்ப்பில் எழுதியிருப்பது ஆர்.ஓ.என். அளவு. அமெரிக்காவிலும் கனடாவிலும் எழுதியிருப்பது ஏ.கே.ஐ., அதாவது ஆர்.ஓ.என்., எம்.ஓ.என். என்ற இரண்டு சோதனை அளவுகளின் சராசரி. ஒரே பெட்ரோலுக்கு ஏ.கே.ஐ. எண் நான்கு முதல் ஆறு வரை குறைவாக இருக்கும். அமெரிக்க டியூனர் ‘91 ஆக்டேன் மேப்’ என்று எழுதினால் அதற்கு வேண்டியது ஏறத்தாழ 95 ஆர்.ஓ.என். ‘93 மேப்’ என்றால் ஏறத்தாழ 98. பம்ப்பில் 91 என்று ஆர்.ஓ.என். எண்ணைப் பார்த்துவிட்டு ‘91 மேப்’பை ஏற்றினால் கிட்டத்தட்ட நான்கு எண் குறைந்த பெட்ரோலில் முழு பூஸ்ட் அடிக்கிறீர்கள். மேப்பின் பெயரில் உள்ள எண் எந்த அளவில் சொல்லப்பட்டது என்று டியூனரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் சரியென்றால் அடுத்தது வெப்பம். முதல் இழுப்பில் உள்ளே வரும் காற்று 35 டிகிரி செல்சியஸ், மூன்றாவதில் 60 என்று ஏறி, அதோடு நாக்கும் ஏறினால் மேப்பைவிட இன்டர்கூலர்தான் கைவிடுகிறது. குளிர்ந்த காலையில் பறக்கும் வண்டி மதியம் டிராஃபிக்கில் நின்று கிளம்பும்போது மந்தமாக இருக்கிறது என்று சொல்பவர்களுக்கும் கதை இதுதான். பெரிய இன்டர்கூலர் போடும் வரை கீழ்ப்படி மேப்பிலேயே இருங்கள். மேப்பைத் தேர்வு செய்ய வேண்டியது நீங்கள் ஓட்டும் மிக வெப்பமான நாளையும், உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மட்டமான பெட்ரோலையும் வைத்து. நல்ல நாளுக்கு ஏற்ற மேப்பைப் போட்டுவிட்டு, மோசமான நாளில் நாக் சென்சார் காப்பாற்றும் என்று விடுவது சரியல்ல. அது விபத்தைத் தடுக்க வைத்த கருவி. தவிர, டைமிங் பின்வாங்கப் பின்வாங்கப் புகைவாயுவின் வெப்பம் ஏறும். சுமை டர்போவின் மேலும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகைவாயுவைச் சுத்திகரிக்கும் பாகம்) மேலும் போய் விழும்.

நாக் ஒரே சிலிண்டரில் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் மேப்பைத் திட்ட வேண்டாம். அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர், பிளக், கார்பன் படிவு ஆகியவற்றைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றி வெள்ளைப் பீங்கானை லென்ஸ் வைத்துப் பார்த்தால், மிளகுத்தூள் போலக் கரும்புள்ளிகளோ பளபளக்கும் அலுமினியத் துகள்களோ தெரிகிறதா? அலுமினியம் என்றால் அது பிஸ்டனிலிருந்து வந்தது. அந்த வண்டியில் அடுத்த இழுப்பு வேண்டாம்.

இன்னொரு வகை இருக்கிறது. 1,500 முதல் 2,500 சுற்றுக்குள், உயர்ந்த கியரில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது திடீரென்று ஒரே ஒரு பலத்த அடி. நேரடி எரிபொருள் செலுத்தும் சிறிய டர்போ இன்ஜின்களில் வரும் குறைவேக முன்பற்றல் இது. தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்வதால் டைமிங்கைக் குறைத்தும் பயனில்லை. கீழ்ச்சுற்றிலேயே டார்க்கைக் கொட்டும் மேப்கள் இதைக் கூட்டும். 2020-இல் வந்த ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) எஸ்.பி. தர ஆயில் இதற்கான சோதனையைத் தாண்டியது. உங்கள் இன்ஜினுக்குச் சொன்ன தரத்தோடு அதுவும் உள்ள ஆயிலை ஊற்றுங்கள், 2,500-க்குக் கீழே டார்க் மெதுவாக ஏறும் மேப்பைக் கேளுங்கள், ஓட்டும்போது கியரைக் குறைத்துவிட்டு மிதியுங்கள். டைனோ வரைபடத்தில் 2,000 சுற்றிலேயே மலைபோல் எழும் டார்க் கோடு பார்க்க நன்றாக இருக்கும். கனெக்டிங் ராடு வளைவதும் பெரும்பாலும் அங்கேதான்.

அறிகுறி: பூஸ்ட் ஏறும்போது வெட்டி வெட்டி இழுக்கிறது

ஸ்டாக் மேப்பில் வழுக்கிக்கொண்டு போகிற வண்டி, புது மேப்பில் 3,000 தாண்டியதும் திணறினால் பத்தில் எட்டு முறை பிளக் அல்லது காயில் என்பது என் எண்ணம். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக்கூட பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். பழைய காயிலால் அதைத் தர முடியாது. பி0300 அல்லது பி0301 முதல் பி0304 வரையிலான பிழைக் குறியீடு வரும்.

0.8 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்த பிளக்கை 0.65 அளவுக்குக் குறைத்துப் பார்த்தால் பல வண்டிகள் சரியாகிவிடும். பெரிய பூஸ்ட் மேப்புக்கு ஒரு படி குளிர்ந்த பிளக் என்று டியூனர் சொல்வார். வாங்கும்போது கவனம்: என்.ஜி.கே.யில் எண் கூடினால் குளிர்ந்த பிளக், பாஷில் எண் குறைந்தால் குளிர்ந்த பிளக். காயில் சந்தேகமாக இருந்தால் திணறும் சிலிண்டரின் காயிலை அடுத்ததோடு மாற்றிப் போடுங்கள். பிழைக் குறியீடும் கூடவே இடம் மாறினால் காயில்தான்.

செக் இன்ஜின் விளக்கு மின்னி மின்னி எரிந்தால் காலை உடனே எடுங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அறிகுறி: பூஸ்ட் இலக்கை எட்டவில்லை, பி0299

இலக்குக்கும் நிஜத்துக்கும் இடையே பெரிய இடைவெளி, வேஸ்ட்கேட் டூட்டி 90 சதவீதத்துக்கு மேல் போய் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. டர்போ தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டிருக்கிறது, காற்று எங்கோ தப்பிக்கிறது. ‘பூஸ்ட் வரவில்லை, இன்னும் பெரிய மேப் போடலாம்’ என்று சிலர் கிளம்புவது இங்கேதான். அது டர்போவை அதன் வேக வரம்புக்கு மேல் சுழற்றும். ஓட்டையைத் தேடுங்கள்.

காற்றளவு சென்சார் உள்ள வண்டியில் ஃப்யூயல் ட்ரிம் ஒரு துப்பு தரும். ஐடிலில் ட்ரிம் +10, +12 என்று நின்று, சுமையில் மைனஸுக்குப் போனால் சென்சாருக்குப் பின்னால், த்ராட்டில் பக்கத்தில் ஓட்டை. ஐடிலில் அளக்காத காற்று உள்ளே வருகிறது, பூஸ்டில் அளந்த காற்று வெளியே போகிறது. இன்டர்கூலர் ஓஸ் இணைப்பு, டைவர்ட்டர் வால்வின் (காலை எடுக்கும்போது மிகுந்த காற்றைத் திருப்பிவிடுவது) டயாஃப்ரம், இன்டர்கூலரின் பிளாஸ்டிக் மூடி ஆகியவை வழக்கமான இடங்கள். ஸ்மோக் டெஸ்ட் செய்தால் நல்லது. இல்லாவிட்டால் டர்போவின் வாயில் அடைப்பு வைத்து ஒரு பார் அழுத்தத்துக்கும் குறைவாகக் காற்றடித்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்.

ஓட்டையே இல்லை, மலைப்பகுதியில் மட்டும் இப்படி என்றால் காரணம் உயரம். மேப் 2.2 பார் முழு அழுத்தம் கேட்கிறது என்று வையுங்கள். கடல் மட்டத்தில் டர்போ காற்றை 2.2 மடங்கு அழுத்தினால் போதும். 2,000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றே சுமார் 0.8 பார்தான், அதே 2.2-ஐ எட்ட 2.75 மடங்கு அழுத்த வேண்டும். சின்ன டர்போ மூச்சுத் திணறிச் சூடான காற்றைத்தான் தள்ளும். உயரத்துக்கேற்ப இலக்கைக் குறைக்கும் அட்டவணை மேப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்டாக் மேப்பில் இருந்திருக்கும். மலிவான மேப்களில் அதை நிரப்பாமலோ தட்டையாக்கியோ விட்டிருப்பார்கள்.

அறிகுறி: பூஸ்ட் இலக்கைத் தாண்டுகிறது, பி0234, திடீரென்று பவர் போகிறது

தாண்டல் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தொடக்கத்தில் ஒரு கூர்முனையாக எழுந்து இலக்குக்குத் திரும்பினால் மேப்பின் வேஸ்ட்கேட் கட்டுப்பாடு சரியாக எழுதப்படவில்லை. லாக்கை டியூனருக்கு அனுப்பினால் திருத்திவிடலாம். சுற்று கூடக்கூடப் பூஸ்டும் ஏறிக்கொண்டே போய், டூட்டி பூஜ்ஜியத்துக்கு வந்தபிறகும் ஏறினால் வேஸ்ட்கேட்டின் துளை போதவில்லை. திறந்த டவுன்பைப் (டர்போவுக்கு அடுத்துள்ள புகைக்குழாய்) போட்டுவிட்டு ஸ்டேஜ் 1 மேப்பிலேயே ஓட்டுபவர்களுக்கு இது வரும். எந்த மேப்பும் இதைத் தீர்க்காது, வேஸ்ட்கேட்டைப் பெரிதாக்க வேண்டும் அல்லது பழைய குழாயைத் திரும்ப மாட்ட வேண்டும்.

தலைகீழ்த் தவறும் உண்டு: ஸ்டாக் குழாயை வைத்துக்கொண்டு ஸ்டேஜ் 2 மேப். பின்னழுத்தம் கூடி, சூடான புகைவாயு சிலிண்டரிலேயே தங்கி, நாக்காகவும் வெப்பமாகவும் திரும்பி வரும். ஸ்டேஜ் எண் என்பது எந்தெந்தப் பாகம் மாட்டியிருக்கிறது என்பதற்கான அடையாளம், அதுவும் டியூனருக்கு டியூனர் மாறும்.

நேற்றுவரை நன்றாக ஓடி இன்று திடீரென்று பூஸ்ட் எகிறினால் மேப்பை விடுங்கள், வேஸ்ட்கேட்டுக்குப் போகும் சின்ன ஓஸைப் பாருங்கள். அழுத்தத்தால் திறக்கும் வகையில் அந்த ஓஸ் கழன்றால் பூஸ்டுக்குக் கடிவாளமே இல்லை. வெற்றிடத்தால் மூடும் வகையில் கழன்றால் மாறாகப் பூஸ்டே வராது.

அறிகுறி: மேல் சுற்றில் கலவை மெலிகிறது

பூஸ்டில் பெரும்பாலான மேப்கள் 0.80 முதல் 0.85 லாம்டா கேட்கும். காற்று-பெட்ரோல் விகிதமாக மீட்டர் 11.8 முதல் 12.5 வரை காட்டும். சில புதிய இன்ஜின்கள் 1-க்கு அருகிலேயே ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை, ஆகவே எண்ணை மட்டும் பார்க்காமல் இலக்கோடு ஒப்பிடுங்கள். இலக்கு 0.82, நிஜம் 5,500 சுற்றுக்கு மேல் 0.88, 0.91 என்று ஏறிக்கொண்டே போனால் காலை எடுத்துவிடுங்கள்.

அதே வரியில் ரெயில் அழுத்தம் என்ன? இலக்கு 200 பார், நிஜம் 165 என்று சரிந்தால் பம்ப் தோற்கிறது, பி0087 வரலாம். டேங்க்கில் உள்ள பம்ப்பா, இன்ஜின் மேலுள்ள உயர் அழுத்தப் பம்ப்பா என்று பிரிக்க, குறை அழுத்தப் பக்கத்தையும் லாக் எடுங்கள். ரெயில் அழுத்தம் அசையாமல் நின்று கலவை மட்டும் மெலிந்தால் இன்ஜெக்டர் முழுக்கத் திறந்தே கிடக்கிறதா என்று பாருங்கள். 85 சதவீதத்துக்கு மேல் அதற்கு வேலை கொடுக்கக் கூடாது. பெரிய விட்டமுள்ள ஏர் இன்டேக் மாட்டிவிட்டு, காற்றளவு சென்சாரின் அட்டவணையைத் திருத்தாத மேப்பில் ஓட்டினாலும் இதே மெலிவு வரும், ஆனால் அது எல்லாச் சுற்றிலும் இருக்கும், ட்ரிம்மும் பிளஸ்ஸில் நிற்கும்.

எத்தனால் கலவைக்கு மேப் மாற்றுபவர்கள் முதலில் கணக்குப் போட வேண்டியதும் பம்ப்பைத்தான். சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று, இ10-க்குச் சுமார் 14.1, இ85-க்குச் சுமார் 9.8. இ85-இல் ஓடப் பெட்ரோலைவிட 30 சதவீதத்துக்கும் அதிக எரிபொருளைப் பம்ப் தள்ள வேண்டும். அப்புறம், பம்ப்பில் இ85 என்று எழுதியிருந்தாலும் எத்தனால் அளவு பருவத்துக்குப் பருவம் மாறும். அளக்கும் சென்சார் இல்லாமல் அந்த மேப் வேண்டாம்.

அறிகுறி: சுற்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

கிளட்ச் வழுக்குகிறது. லாக்கில் சுற்றும் வேகமும் சேர்ந்து ஏறாமல் பிரிந்து போவது தெளிவாகத் தெரியும். தானியங்கி கியர்பாக்ஸுக்கு ஒரு டார்க் வரம்பு உண்டு, ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் டிக்யூ200 என்ற ஏழு கியர் உலர் கிளட்ச் பெட்டி 250 நியூட்டன் மீட்டருக்கென்று செய்யப்பட்டது. வாங்கும் மேப்பின் டார்க் உங்கள் கியர்பாக்ஸின் வரம்பைத் தாண்டுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். குதிரைத்திறனை மேல் சுற்றில் தந்து, டார்க்கை வரம்புக்குள் தட்டையாக வைத்திருக்கும் மேப் ஓட்டவும் சுகம், கிளட்ச்சுக்கும் நல்லது.

அறிகுறி: பெட்ரோல் வாடை, கறுப்புப் புகை, பட்பட் வெடிச்சத்தம், பி0420 (கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற குறியீடு)

கியர் மாற்றும்போது மட்டும் புகையும் திணறலும் என்றால், காற்றளவு சென்சார் உள்ள வண்டியில் வெளியே காற்றை விடும் புளோ ஆஃப் வால்வு மாட்டியிருப்பீர்கள். அளந்த காற்று வெளியே போய்விடுகிறது. ஸ்டாக் வால்வை மாட்டுங்கள். காலை எடுக்கும்போது வெடிக்கும்படி எழுதிய ‘பாப் அண்ட் பேங்’ மேப் போட்டிருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். அந்தச் சத்தம் டர்போவுக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் உள்ளே எரிகிற பெட்ரோலின் சத்தம். கன்வெர்ட்டரையே கழற்றிவிட்டுப் பிழைக் குறியீட்டை மட்டும் மறைக்கும் மேப்கள் பல நாடுகளில் சாலைக்குச் சட்டவிரோதம், காப்பீடும் கைவிரிக்கும்.

மேப் வாங்கும் முன் டியூனரிடம் கேட்க வேண்டியவை

என் இசியுவின் மென்பொருள் எண்ணுக்கு எழுதியதா, ஒத்த மாடலுக்கு எழுதியதை ஏற்றுகிறீர்களா? நாக் கட்டுப்பாடு, புகைவாயு வெப்பப் பாதுகாப்பு, பூஸ்ட் வரம்பு மூன்றும் ஸ்டாக்கில் உள்ளபடி வேலை செய்கின்றனவா? ஏற்றியபின் என் லாக்கைப் பார்த்துத் திருத்தித் தருவீர்களா? ஸ்டாக் ஃபைலின் பிரதியை என்னிடம் தருவீர்களா? இரண்டாவது கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு டியூனரைப் பாருங்கள். லாக்கே கேட்காத டியூனரும் அப்படித்தான்.

லாக்கின் எண்கள் சுத்தமாக இருந்தால் மட்டும் அடுத்த படி மேப். மேல் ஆக்டேன் மேப்புக்கு மாறும்போது டேங்க்கைக் கிட்டத்தட்டக் காலியாக்கி நிரப்புங்கள்; பாதி டேங்க் பழைய பெட்ரோலின் மேல் ஊற்றினால் கிடைப்பது இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆக்டேன். கீழ் மேப்புக்கு இறங்குவதானால் மேப்பை முதலில் மாற்றிவிட்டு அப்புறம் பெட்ரோல் போடுங்கள்.

இன்ஜினை அணைத்து இழுத்துச் செல்ல வேண்டிய நிலை

ஆயில் அழுத்த விளக்கு, ஐடிலிலும் விடாத உலோகத் தட்டல், ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று வரும் புகை, கூலன்ட் குறைந்து வெள்ளைப் புகை. இவற்றில் எது வந்தாலும் மேப்பைத் தொட வேண்டாம், லாக்கும் வேண்டாம். தட்டலோ ஆயில் விளக்கோ என்றால் மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் ஆயில் பானைக் கழற்றி பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். புகை மட்டும் என்றால் கம்ப்ரஷன் டெஸ்ட். ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைந்தால் அதில் லீக் டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காற்றடித்துக் கசிவைப் பார்ப்பது) செய்து காற்று வெளியேறும் வழியைக் கேளுங்கள்: ஆயில் ஊற்றும் வாய் வழியாக வந்தால் ரிங் அல்லது பிஸ்டன், சைலன்சர் வழியாக வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, இன்டேக் வழியாக வந்தால் இன்டேக் வால்வு, கூலன்ட் தொட்டியில் குமிழி விட்டால் ஹெட் கேஸ்கெட்.